பாதரசத்தின் நிழல்

ஐஸ் பெட்டி வந்து இறங்கியபோது கல்லூரியில் மணியடித்து வகுப்புகள் மாறிக்கொண்டிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் வந்த மரப்பெட்டி. உள்ளே ஐஸும் மரத்தூளும் சேர்ந்து உருகி, வேதியியல் துறைத் தாழ்வாரம் முழுக்க நீர் ஓடியது. மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். நான் தாண்டிப் போக முடியாது. பெட்டி எனக்காகத்தான் வந்திருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து வருவேன், மாலையில் திரும்புவேன். மீன் என்பதை அதுவரை காவிரியில் துள்ளுவதாகப் பார்த்திருக்கிறேனே தவிர, கையால் தொட்டதில்லை.

பேராசிரியர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"வாம்மா. மீன் வந்தாச்சு. மத்தி இருக்கு, சுறாத் துண்டு இருக்கு. அனுப்பினது மீன்வளத்துறை அதிகாரி, என் பழைய மாணவன்தான். கடற்கரையில ஒரு காஸ்டிக் சோடாத் தொழிற்சாலை வரப்போகுதுன்னு பேச்சு அடிபடுது. அதுல பாதரசம் உபயோகப்படுத்துவாங்க. கழிவு கடலுக்குத்தான் போகும்."

"வரலையே சார் இன்னும்?"

"அதான் விஷயமே. நாளைக்கு மீன்ல பாதரசம் இருக்குன்னு யாராவது சொன்னா, முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு கேப்பாங்க. யார்கிட்டயும் பதில் இருக்காது. இன்னிக்கே அளந்து வச்சுடணும்னு பையன் நினைக்கிறான். நல்ல எண்ணம். ஆனா ஒரே முறையில அளந்தா நான் நம்பமாட்டேன். ரெண்டு முறையில பண்ணுங்க. ஒண்ணு நீ. இன்னொண்ணு பிசிக்ஸ்காரர்."

பிசிக்ஸ்காரர் என்றது இயற்பியல் துறையின் இளம் விரிவுரையாளரை. லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். தினமும் ரயிலில் வருவார். எந்த நேரமும் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மறைத்து வைக்க முடியாது. என் புடவையின் வாடையே சொல்லிக்கொண்டிருந்தது.

"மீனா? நீ தொட்டியா?" என்று அம்மா வாசற்படியிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "அப்படியே கொல்லை வழியா வா. தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வந்தாப் போறும்."

குளித்துவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். அப்பா கோவிலில் பிரபந்த கோஷ்டி முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் சாதம் பாதியில் இருக்கும்போது நிமிர்ந்து கேட்டார்.

"அந்தப் பாதரசம் கலந்த மீனைச் சாப்பிட்டவாளுக்கு என்ன ஆகும்?"

படித்திருந்ததைச் சொன்னேன். ஜப்பானில் கடலோர ஊர் ஒன்றில் முதலில் பூனைகள் சுழன்று சுழன்று விழுந்தன. பிறகு மனிதர்களுக்குக் கை நடுங்கியது. பொத்தான் போட முடியவில்லை. பேச்சு குழறியது. வயிற்றிலிருந்த குழந்தைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அப்பாவின் கை சாதத்திலேயே நின்றுவிட்டது. "பண்ணு," என்றார். "ஆனா சரியாப் பண்ணு. தப்பா ஒண்ணைச் சொல்லி வச்சுடாதே. நம்பிச் சாப்பிடறவா இருக்கா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

என் முறை பழைய முறை. மீன் சதையை அமிலத்தில் இட்டுச் சூடேற்றிக் கரைத்துவிட வேண்டும். எலும்பு, தோல், கொழுப்பு எல்லாம் போய்த் தெளிந்த திரவமாக ஆகும் வரை. பிறகு டைதைஸோன் என்ற பொருளின் கரைசலைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். அந்தக் கரைசல் நல்ல பச்சை நிறம், மழைக்குப் பிறகான வயல் மாதிரி. பாதரசம் இருந்தால் அது ஆரஞ்சாக மாறும். எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு பாதரசம். செம்பும் வெள்ளியும் நடுவில் புகுந்து ஏமாற்றும், அவற்றை விலக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் துளி அழுக்காக இருந்தாலும் நிறம் பொய்யாகிவிடும். பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் கழுவியே என் விரல் நுனிகள் உரிந்துபோயின.

சுறாத் துண்டின் சாற்றில் முதன்முதலாகப் பச்சை கலைந்து ஆரஞ்சு எழுந்ததை நான் மறக்கவில்லை. தொழிற்சாலை எதுவும் வராத கடல். அந்தக் கடலின் மீனுக்குள் பாதரசம். யாரும் போடாதது. பூமி தோன்றியதிலிருந்து பாறையிலிருந்தும் எரிமலையிலிருந்தும் கசிந்து, நீரில் கரைந்து, பாசியில் ஏறி, சிறு மீனில் ஏறி, பெரிய மீனில் சேர்ந்து, கடைசியில் திருச்சியில் ஒரு குழாய்க்குள் ஆரஞ்சு நிறமாக என் கண்ணுக்கு முன் நின்றது. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மத்தியின் சாறு அப்படி மாறவில்லை. ஒரு சாயல்தான், அவ்வளவே.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் பிசிக்ஸ்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இயற்பியல் துறையின் இருட்டறைக்குப் போனேன். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. வெளியே உச்சி வெயில், உள்ளே கையைப் பார்க்க முடியாத இருள்.

"கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல? கழட்டாதீங்க. இந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது," என்றார்.

ஆபரேஷன் அறைகளில் கிருமி கொல்ல வைப்பார்களே, அந்த விளக்கு ஒன்றை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பழையதாக வாங்கி வைத்திருந்தார். அதைப் போட்டார். மங்கலான நீலம். எதிர்ப் பக்கத்தில் ஓர் அட்டை. ஏதோ பொடியைக் குழைத்து அவரே பூசியது. விளக்கின் கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டதும் அட்டை முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது.

"இப்போ பாருங்க."

நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்தார். அதில் பாதரசம், ஒரு சொட்டு. கொதிக்கவில்லை, காய்ச்சவில்லை. வெறுமனே உள்ளங்கைச் சூட்டில் கொஞ்சம் வைத்திருந்த கிண்ணம்.

அட்டையில் புகை எழுந்தது.

கிண்ணத்தின் மேல் காற்றில் எதுவும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன், எதுவும் இல்லை. ஆனால் அட்டையில் கறுப்பாக, ஊதுவத்திப் புகை போல, சுருண்டு சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல ஊதினார். அட்டையில் புகை வளைந்தது. நான் மூச்சு விட்டேன், அதற்கும் அசைந்தது.

"என்ன சார் இது?" என்றேன். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"நிழல்ங்க. பாதரச ஆவியோட நிழல். அந்த விளக்குக்குள்ள எரியறதும் பாதரச ஆவிதான். அது விடற வெளிச்சத்தை இன்னொரு பாதரச அணு அப்படியே விழுங்கிடும். தன் இனத்தோட வெளிச்சம்னு அதுக்குத் தெரியும்."

எத்தனை வருடங்களாக நான் பாதரசத்தைப் புட்டியில் ஊற்றியிருப்பேன், தெர்மாமீட்டர் உடைந்தால் பெருக்கியிருப்பேன். அப்போதெல்லாம் என் முகத்துக்கு முன்னால் இது ஏறிக்கொண்டேயிருந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமா, பக்தியா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. எங்கள் ஊர்க் கோவிலில் சன்னிதித் திரை விலக்கியதும் ஒரு கணம் எல்லோரும் பேச்சற்று நிற்போம். அந்த நிற்பு எனக்குப் பழக்கம். அதே போலத்தான் அங்கேயும் நின்றேன்.

அவருடைய முறை இதிலிருந்து வந்தது. மீனை அவர் கொதிக்கவிடாமல் மிதமான சூட்டிலேயே அமிலத்தில் கரைத்தார். அந்தத் திரவத்தில் ஓர் உப்பைச் சேர்த்தால் பாதரசம் உலோகமாகத் திரும்பும். அதில் காற்றைக் குமிழியிட்டால் ஆவியாக வெளியே வரும். அந்தக் காற்றை ஒரு குழாய் வழியே விட்டு, ஒரு முனையில் விளக்கையும் மறுமுனையில் ஒளியை உணரும் கருவியையும் வைத்துவிட்டால், எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்று அளக்கலாம். கால்வனாமீட்டரின் சிறு கண்ணாடியிலிருந்து சுவரில் விழும் ஓர் ஒளிப்பொட்டு நகர்ந்து அளவைக் காட்டும். வெளிநாட்டு இதழ் ஒன்றில் இதைப் போன்ற ஒன்றைப் படித்திருந்தார். மற்றதெல்லாம் அவர் ஸ்க்ரூ டிரைவரின் வேலை.

ஒரே சுறாத் துண்டைப் பாதியாக்கி இருவரும் அளந்தோம். அவருடைய எண் என்னுடையதைவிட மிகப் பெரியதாக வந்தது. திரும்பச் செய்தோம். அப்படியேதான்.

"உங்க பச்சைத் தண்ணியில ஏதோ தப்பு இருக்குங்க," என்றார்.

"உங்க ஒளிப்பொட்டுக்கு என்ன சார் தெரியும்? எதைப் பாத்தாலும் ஆடும்," என்றேன். மரியாதை குறைந்துவிட்டதோ என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கோபத்தைவிட மோசமாக இருந்தது.

பேராசிரியர் இருவரையும் கேட்டுவிட்டு, "யார் சரின்னு எனக்குத் தெரியவேண்டாம். யார் எங்க தப்புன்னு கண்டுபிடிங்க," என்று அனுப்பிவிட்டார்.

என் பக்கம் முதலில் பார்த்தேன். மத்திச் சதையில் எனக்குத் தெரிந்த அளவு பாதரசத்தை நானே சேர்த்துக் கரைத்து அளந்தேன். சேர்த்ததில் ஒரு பகுதி காணவில்லை. எங்கே போகும்? குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேறும்போது சதை ஒரு கட்டத்தில் கறுத்துக் கருகியது. கரி பட்டால் பாதரச உப்பு உலோகமாகிவிடும். உலோகமானால் ஆவியாகும். குடுவையின் வாய் திறந்தே இருக்கிறது. இருட்டறையில் பார்த்த அந்தக் கறுப்புப் புகை மனதில் எழுந்தது. இங்கே அட்டை இல்லை, அதனால் நான் பார்க்கவில்லை.

மறுமுறை குடுவையை மூடி, வெளிவரும் ஆவியைக் குழாய் வழியே வேறொரு புட்டியின் அமிலத்துக்குள் விட்டேன். பிறகு அந்தப் புட்டியைச் சோதித்தேன். பச்சை ஆரஞ்சாயிற்று. காணாமல் போனது அங்கே உட்கார்ந்திருந்தது. தோற்றது நான்தான், இருந்தும் சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதன் பின் குடுவையின் மேல் குளிர்விக்கும் குழாயைப் பொருத்தி, ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரும்பி விழும்படி செய்தேன். திருச்சிச் சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரே வெந்நீராக வந்தது. மீன் வந்த பெட்டியில் ஐஸ் நிரப்பி, அந்தத் தண்ணீரைச் சுற்றவிட்டேன்.

என் எண் ஏறியது. ஆனாலும் அவருடையதை எட்டவில்லை.

"பாத்தீங்களா, வந்துட்டே இருக்கீங்க," என்றார்.

"கொஞ்ச தூரம் நான் வந்துட்டேன் சார். மிச்ச தூரம் நீங்க எறங்கி வரணும்," என்றேன்.

அது எப்படி என்பதை வீட்டில்தான் கண்டேன். ஒருநாள் மாலை அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, வளை என்ன இப்படி இருக்கு? தங்கம் வெள்ளியாயிடுத்தா?"

வலது கைத் தங்க வளையலில் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இருட்டறையில் அன்று பாதரசம் சிந்தி, அட்டையால் கூட்டி அள்ளியிருந்தேன். அப்போது பட்டிருக்கிறது.

"பாதரசம்மா. தங்கத்தைக் கண்டா விடாது, ஒட்டிக்கும்."

"கல்யாணத்துக்குன்னு பண்ணி வச்ச வளை! மீன் போறாதுன்னு இது வேறயா?" அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"போயிடும்மா. சூடு பண்ணினாப் பாதரசம் கிளம்பிப் போயிடும், தங்கம் அப்படியே இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

ஒட்டிக்கொள்ளும். சூடு பண்ணினால் கிளம்பும். தங்கம் பாதரசத்தை மட்டும் பிடிக்கும், வேறெந்த ஆவியையும் அல்ல.

"என்னடி?"

"ஒண்ணுமில்லேம்மா. உனக்குக் கோடி நமஸ்காரம்."

மறுநாள் பெரிய கடைவீதியில், படம் எழுதுகிறவர்களுக்குத் தங்க ரேக்கு விற்கும் கடையில் கொஞ்சம் ரேக்கு வாங்கினேன். மூச்சு பட்டால் பறந்துவிடும் அந்தத் தகட்டை ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் சுருட்டி அடைத்து, பிசிக்ஸ்காரரின் கருவியில், திரவத்துக்கும் ஒளிக்குழாய்க்கும் நடுவில் பொருத்தச் சொன்னேன்.

"பாதரசத்தை இது முழுக்கப் பிடிச்சுக்கும் சார். அப்புறம் ஒளிப்பொட்டு அசையக்கூடாது."

அவர் காற்றை விட்டார். இருவரும் சுவரைப் பார்த்தோம். ஒளிப்பொட்டு நகர்ந்தது.

அவர் முகம் மாறியதை அந்த நீல வெளிச்சத்தில் பார்த்தேன். "அப்போ இது..."

"உங்க மிதமான சூட்டுல மீன் கொழுப்பு முழுக்கச் சிதையாம இருந்திருக்கு. அதோட ஆவியும் உங்க வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்குது. இது வரைக்கும் அதையும் பாதரசக் கணக்குலயே சேத்துட்டோம்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, குழாயில் நல்ல காற்றை விட்டு மற்ற ஆவியையெல்லாம் வெளியேற்றினார். ஒளிப்பொட்டு பூஜ்யத்துக்குத் திரும்பியது. "இப்போ தங்கத்தைச் சூடு பண்ணுங்க," என்றார்.

ஸ்பிரிட் விளக்கைக் குழாயின் கீழ் கொண்டுபோனேன். தங்க ரேக்கு சுடரில் மின்னியது. ஒரு கணம் எதுவுமில்லை. திடீரென்று ஒளிப்பொட்டு விருட்டென்று பாய்ந்து, நின்று, நிதானமாகத் திரும்பி வந்தது. தங்கம் பிடித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் விட்டுவிட்டது. சுறா எந்தக் கடலில் எந்த ஆழத்தில் சேர்த்ததோ, அது எங்கள் கண் முன்னால் சுவரில் ஒரு வீச்சாகப் போயிற்று.

அளவைக் குறித்தார். என் எண்ணோடு ஒப்பிட்டோம். பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"ஒத்துப்போச்சுங்க," என்றார்.

ஒன்று நிறத்தால் சொல்கிறது, ஒன்று நிழலால் சொல்கிறது. இரண்டுக்கும் ஒருவகைச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. பொய்யை உரித்ததும் ஒரே இடத்துக்கு வந்து நின்றன. உண்மை என்று ஒன்று வெளியே, நம் விருப்பு வெறுப்பைக் கேட்காமல், தன்பாட்டுக்கு இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அதன் மேல் கையை வைத்த மாதிரி இருந்தது.

வளையலையும் ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டில் வைத்துச் சூடேற்றித் தங்க நிறத்துக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் மங்கல்தான். அம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போறது, மெருகு போட்டுக்கலாம்," என்றாள்.

அறிக்கை அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை புது மீனில் பார்த்துவிட வேண்டும், கூடவே கடல் நீரையும் பார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி சொல்லியனுப்பினார். பிசிக்ஸ்காரரோடு நான் தனியாக எப்படிப் போவது என்று தயங்கியபோது அப்பா, "நாகப்பட்டணத்துல பெருமாள் இருக்கார். நானும் வரேன்," என்று அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தஞ்சாவூர், திருவாரூர் என்று ரயில் வழியெல்லாம் அவரும் பிசிக்ஸ்காரரும் நெல் ரகங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை.

அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. அப்பா கோவிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தபின் மூவரும் கரைக்கு நடந்தோம். கரையேற்றியிருந்த படகுகளின் இடுக்குகளைத் தாண்டியதும் திடீரென்று நிலம் முடிந்துவிட்டது. நான் நின்றுவிட்டேன். இத்தனையா? இதன் ஒரு மூலையில் பிடித்த மீனின் ஒரு துண்டையா இத்தனை நாள் குடுவையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்?

அதிகாரி ஒரு கட்டுமரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். மணலில் ஒரு முழுச் சுறா கிடந்தது. துண்டாக மட்டுமே பார்த்த எனக்கு அதன் நீளம் புரிய நேரமாயிற்று. அப்பா சற்றுத் தள்ளி நின்று அதையே பார்த்தார். மூக்கை மூடவில்லை. முகத்தைத் திருப்பவில்லை.

"இவ்வளவு பெரிய ஜீவனா?" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷம் அதுக்குள்ள இந்த விஷத்தை வச்சிண்டு எப்படி நீந்தித்து?"

"தெரியலேப்பா," என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது.

சுத்தமான புட்டியில் கடல் நீர் எடுத்துக்கொண்டோம். திரும்பி வந்து எல்லாவற்றையும் இரண்டு முறையிலும் அளந்தோம். சுறாவில் முன்போலவே இருந்தது, மத்தியில் சொற்பம். இரண்டு எண்களையும், இரண்டும் எங்கே எப்படி ஏமாற்றும் என்பதையும் எழுதிப் பேராசிரியர் கையெழுத்திட்டு அனுப்பினார். அதிகாரி அதை மேலே அனுப்பியதாகச் சொன்னார். அந்தக் கரையில் தொழிற்சாலை வரவில்லை. எங்கள் காகிதத்தை யாராவது படித்ததால் வரவில்லையா, வேறு காரணமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓரிரு வருடங்களில் எனக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனேன். பிசிக்ஸ்காரர் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்ததாகக் கேள்வி.

கடல் நீரை அளந்த பிற்பகல் மட்டும் தனியாக நினைவிருக்கிறது. புட்டியிலிருந்த நீர் முழுவதையும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தோம். என் பச்சை பச்சையாகவே இருந்தது. தங்கத்தைச் சூடாக்கினோம். சுவரில் ஒளிப்பொட்டு ஆடாமல் அசையாமல் நின்றது.

"அப்போ கடல்ல இல்லையாங்க?" என்றார் அவர்.

"இருக்கும் சார். இல்லாம மீனுக்கு எங்கேருந்து வரும்? நம்ம ரெண்டு பேருக்கும்தான் இன்னும் கண்ணு பத்தலை."

அவர் தலையாட்டினார். விளக்கை அணைக்காமல், காலிப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் அந்த அசையாத பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.